வயலை ஒத்தி வெச்சு அக்ரி படிக்கணுமா?

போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன் வந்துச்சு. முன்னாடி என்கூட ஒரே ஆபீஸ்ல வேலை பார்த்த தம்பி. சொந்த ஊர் வீரவநல்லூர் பக்கம். இப்போ சிறுசேரியில ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் 42,000.

"அண்ணே, தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிட்டா. பிஎஸ்சி அக்ரிதான் படிப்பேங்கா. ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் சீட் இருக்காம். இந்த வாரமே 50,000 கட்டி புக் பண்ணணுமாம். அப்பா வயல ஒத்தி வைக்கேன்னு நிக்காரு. நான் என்ன செய்ய?"

நம்ம சேனல் பாக்குற நிறைய பேருக்கு இதே வயசு, இதே நிலைமை. வேலைக்குப் போய் மூணு நாலு வருஷம் ஆயிருக்கும். வீட்ல அடுத்தவங்க படிப்புச் செலவு மெதுவா உங்க தோளுக்கு வந்திருக்கும். அதுவும் அக்ரின்னா ஒரு தனி மயக்கம் இருக்கு. "சோறு போடுற படிப்பு", "எதிர்காலமே விவசாயம்தான்"னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அந்தப் படிப்பை மதிக்கிறவன்தான். ஆனா மதிப்பு வேற, விலை வேற. இந்தக் கட்டுரையில விலையைப் பத்திப் பேசலாம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். அக்ரி டிகிரிங்கிறது வேலைக்கான டிக்கெட். வயல்ல இறங்கி விவசாயம் பண்ண அந்த டிக்கெட் தேவையில்லை. டிக்கெட் விலைக்கு மேல ஒரு ரூபாய் கூட கொடுக்காதீங்க. அதுக்காக வயலை மட்டும் கைய விட்டுப் போக விடாதீங்க.

ஒத்தின்னா என்னன்னு சென்னையிலயே வளர்ந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். நீங்க என்கிட்ட அஞ்சு லட்சம் வாங்குறீங்க. வட்டி கிடையாது. அதுக்குப் பதிலா உங்க வயலை நான் பயிர் வெச்சு அனுபவிப்பேன். அஞ்சு லட்சத்தை என்னைக்குத் திருப்பிக் குடுக்குறீங்களோ அன்னைக்கு வயல் உங்க கைக்கு வரும். தென்மாவட்டங்கள்ல வயல், வீடு ரெண்டுக்கும் இது சாதாரணமா நடக்குற விஷயம்.

அந்தத் தம்பி வீட்டு நிலம் ஒண்ணேகால் ஏக்கர் நஞ்சை. அவங்க அப்பா ஏக்கர்னு சொல்ல மாட்டார், கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடுன்னுதான் கணக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தாமிரபரணியைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேர்ற வரைக்கும் இந்த ஆத்துக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டு இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இருந்து கால்வாய் பிரிஞ்சு போகுது. ரெண்டு பருவமழையிலயும் தண்ணி கிடைக்கிற ஆறு. அதனால கார், பிசானம்னு ரெண்டு போகம். கார் சில வருஷம் கையை விரிக்கும், பிசானம் பெரும்பாலும் காப்பாத்தும். தமிழ்நாட்ல இப்படித் தண்ணி நம்பிக்கை உள்ள நிலம் ரொம்பக் கொஞ்சம்.

சரி, கணக்குப் போடுவோம். 2025-26 காரீஃப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவிச்ச சாதா ரக நெல்லோட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால்னு வெச்சா 47,380 ரூபாய். உழவு, நடவு, உரம், களை, அறுவடை மிஷின் எல்லாம் போக அந்த ஒண்ணேகால் ஏக்கர்ல ஒரு போகத்துக்குப் பதினேழு, பதினெட்டாயிரம் நிக்கும்னு அவங்க அப்பாவே சொன்னார். ரெண்டு போகமும் விளைஞ்சா வருஷத்துக்கு ஏறக்குறைய 35,000.

அஞ்சு லட்சத்துக்கு 35,000 போகுதுன்னா அது 7 சதவீத வட்டி. பேங்க்ல கல்விக் கடன் 10, 10.5 சதவீதம். அப்போ ஒத்திதானே மலிவு? தம்பி இதைத்தான் கேட்டான். காகிதத்துல அவன் சொன்னது சரி. நானும் ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

ஆனா ஒத்தியில ஒரு பொறி இருக்கு. அதுல இஎம்ஐ கிடையாது. மாசாமாசம் அசல் கொஞ்சம் கொஞ்சமா குறையாது. நாலு வருஷம் கழிச்சும் அதே அஞ்சு லட்சம் அப்படியே நிக்கும், மொத்தமா எடுத்து வைக்கணும். தங்கச்சி படிச்சு முடிக்கிற நேரம் அவளுக்குக் கல்யாணப் பேச்சு வரும், உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், இல்ல சென்னையில ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருப்பீங்க. அஞ்சு லட்சம் சும்மா எங்க இருக்கும்? ஒத்தி வெச்ச நிலத்தை மீட்க முடியாம, "மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன், எழுதிக் குடுத்திரு"ன்னு ஒத்திக்காரரே வாங்கிப் போன கதை ஊர்ல எத்தனை வேணும் உங்களுக்கு? பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தா இது தெரியாது. எப்படித் திருப்பிக் கட்டுறோம்ங்கிறதும் கடனோட விலைதான்.

இதுல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. நாலு வருஷம் பயிர் உற்பத்தி, மண் வளம், பூச்சி மேலாண்மை எல்லாம் படிச்சிட்டு அந்தப் பொண்ணு வீட்டுக்கு வரும்போது, அவ படிச்சதைச் செஞ்சு பாக்க வீட்ல ஒரு செண்ட் நிலம் இருக்காது.

பேங்க் கடன் எடுத்தா?

அந்த காலேஜ் சொன்ன பீஸ் வருஷத்துக்கு 2 லட்சம். ஹாஸ்டல், சாப்பாடு தனியா 80,000. நாலு வருஷத்துக்கு 11 லட்சத்து 20,000. இதுல 7.5 லட்சம் கடன்னு வெச்சுக்கங்க. ஏன் 7.5 லட்சம்னா, வழக்கமான கல்விக் கடன்ல அதுக்கு மேல போனா அடமானம் கேப்பாங்க. விவசாய நிலத்தை அடமானமா எடுக்க பேங்க் தயங்கும். கடன் வராக்கடன் ஆனா சர்ஃபாசி சட்டத்துல விவசாய நிலத்தை அவங்களால எடுக்க முடியாது, அதான் காரணம்.

நாலு தவணையா பணம் குடுப்பாங்க. படிக்கிற நாலு வருஷம், அப்புறம் ஒரு வருஷம் கட்ட வேண்டாம். ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். 10.5 சதவீதத்துல தனிவட்டின்னு போட்டாக்கூட கட்ட ஆரம்பிக்கிற அன்னைக்கு 7.5 லட்சம் 10 லட்சத்து 25,000 ஆகியிருக்கும். பத்து வருஷத்துக்கு இஎம்ஐ 13,840 ரூபாய். மொத்தமா கட்டி முடிக்கும்போது 16.6 லட்சம்.

இப்போ எதிர்ப்பக்கம். அக்ரி முடிச்ச உடனே விதை, உரம், பூச்சிமருந்து கம்பெனியில ஃபீல்டு வேலைக்குப் போறாங்கன்னு வெச்சுக்குவோம். ஆரம்பச் சம்பளம் 25,000னு என் கணக்குக்கு எடுத்துக்குறேன். கூடக் குறைய இருக்கலாம். பைக் பெட்ரோல் போக மீதியில 13,840 இஎம்ஐ. பாதிக்கு மேல போச்சு. கட்ட முடியாத மாசம் யார் கட்டுவா? இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போட்ட அண்ணன்தான். அந்தக் கடன் உங்க சிபில்ல ஏறும். நாளைக்கு நீங்க வீட்டுக் கடன் கேக்கும்போது "ஏற்கெனவே 13,840 ஓடுது"ன்னு உங்க தகுதியைக் குறைப்பாங்க.

அப்புறம் எல்லாரும் தப்பா நினைக்கிற ஒரு விஷயம். "பரவாயில்ல அண்ணே, வட்டிக்கு வரிச்சலுகை வாங்கிக்குவேன்"னான் தம்பி. கிடைக்காது. 80இ-ன்னு நாம பழகின அந்தக் கழிவு உங்க படிப்பு, மனைவி அல்லது கணவர் படிப்பு, உங்க பிள்ளைகள் படிப்பு, நீங்க சட்டப்படி காப்பாளரா இருக்குற மாணவர் படிப்பு, இதுக்கு மட்டும்தான். தங்கச்சி, தம்பி அந்தப் பட்டியல்ல இல்ல. அதுபோக, புது வரிமுறையில இருந்தா யாருக்குமே அந்தக் கழிவு கிடையாது.

என்னோட சொந்த விதி ஒண்ணு சொல்றேன், எந்தப் புத்தகத்துலயும் இல்ல. ஒரு படிப்புக்கு வாங்குற மொத்தக் கடன், அந்தப் படிப்பு தர்ற முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. 25,000 சம்பளம்னா 3 லட்சம். அதே கணக்கைப் போட்டா இஎம்ஐ 5,540 வரும். அந்தப் பொண்ணே சமாளிச்சிரும், அண்ணன் நிம்மதியா தூங்கலாம்.

அப்போ குறைஞ்ச செலவுல நல்ல இடம் எது?

"சீட் புக் பண்ணு, இந்த வாரம்தான்"னு யார் சொன்னாலும் முதல்ல போனை வெச்சிருங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட கவுன்சிலிங் முடியுற வரைக்கும் எந்தப் பணமும் கட்டாதீங்க.

இந்தப் பல்கலைக்கழகத்தோட வேர் 1868ல சைதாப்பேட்டையில தொடங்கின விவசாயப் பள்ளி. அது கோயம்புத்தூருக்குப் போய் வளர்ந்து 1971ல பல்கலைக்கழகமாச்சு. நாம கோவையை மட்டும்தான் நினைக்கிறோம். ஆனா அதோட உறுப்புக் கல்லூரிகள் மதுரை, திருச்சி, பெரியகுளம், மேட்டுப்பாளையம்னு பல இடத்துல இருக்கு. நெல்லைக்காரங்களுக்கு வீட்டு வாசல்லயே ஒண்ணு இருக்கு: கிள்ளிகுளம். பாளையங்கோட்டையில இருந்து தூத்துக்குடி ரோட்டுல போனா வல்லநாடு பக்கம். 1980கள்ல தொடங்கினது, இப்போ வ.உ.சி. பெயர்ல இருக்கு.

கிள்ளிகுளத்தைப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லல. பயிர் உற்பத்தி படிக்க அந்த இடம் ஒரு வரம்னு நான் நினைக்கிறேன். மேற்கே பார்த்தா தாமிரபரணி நஞ்சை, நெல்லும் வாழையும். வடக்கே கோவில்பட்டி கரிசல், மானாவாரிப் பருத்தி, உளுந்து, கம்பு. தெற்கே சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் செம்மண் தேரி. பஸ்ல ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துல மூணு வகை விவசாயத்தைப் பார்த்துட்டு வந்துரலாம். கோவில்பட்டியில மானாவாரிக்கான பழைய ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அம்பாசமுத்திரத்துல 1937ல தொடங்கின நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. உங்க வீட்ல இட்லிக்கோ புட்டுக்கோ வாங்குற அம்பை 16 அரிசி அங்க பொறந்ததுதான். ஏஎஸ்டி 16ங்கிறதுல ஏஎஸ்டி அம்பாசமுத்திரத்தைக் குறிக்குது. இதெல்லாம் எந்த பிரோஷர்லயும் விலை போட்டு விக்க முடியாத வசதி.

பீஸ் எவ்வளவுன்னு கேப்பீங்க. அந்தந்த வருஷத்துத் தகவல் கையேட்ல பாருங்க, மாறிக்கிட்டே இருக்கும். தம்பிகிட்ட சொன்ன அந்த 2 லட்சத்தோட ஒப்பிட்டா பல மடங்கு குறைவு, அது போதும்.

இப்போ சலுகைகள். இங்கதான் ஆளாளுக்கு நிலைமை மாறும். 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு 2021ல இருந்து வேளாண் படிப்புலயும் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. அந்த வழியில சேர்ந்தா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டுது. இதுல நம்ம ஊர்ல ஒரு சிக்கல் உண்டு. நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் நிறைய நல்ல பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். "கவர்மெண்ட் ஸ்கூல் மாதிரிதானே"ன்னு நினைச்சிருப்போம். 7.5 சதவீதத்துக்கு அது செல்லாது. தம்பி வீட்லயும் அதான் நடந்துச்சு. ஆனா புதுமைப் பெண் திட்டத்தோட மாசம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பெண்களுக்கும் 2024ல இருந்து உண்டு. அது அந்தப் பொண்ணுக்குக் கிடைச்சுது.

முதல் பட்டதாரி சலுகையைப் பத்தியும் தம்பி கேட்டான். "ஏலே, நீதான் டிகிரி முடிச்சிட்டியே, அவ எப்படி முதல் பட்டதாரி ஆவா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அவன் இன்ஜினியரிங் படிச்சப்போ அவனே அதை வாங்கியிருக்கான்.

கடன் வாங்கியே ஆகணும்னா பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தைப் பாருங்க. 2024 நவம்பர்ல ஒப்புதல் கிடைச்ச திட்டம். பட்டியல்ல இருக்குற நல்ல தரவரிசைக் கல்லூரிகளுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சம் வரைன்னா 10 லட்சம் வரைக்குமான கடனுக்கு, படிக்கிற காலத்துல 3 சதவீத வட்டி மானியம். காலேஜ் பட்டியல்ல இருக்கணும், மெரிட்ல சேர்ந்திருக்கணும். மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதாவது எங்க பீஸ் ரொம்ப அதிகமோ அங்கதான் உதவியும் இல்ல.

கட்-ஆஃப் பத்தலன்னா உடனே மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு ஓட வேண்டாம். இடையில நாலஞ்சு படி இருக்கு. அக்ரிக்குத்தான் போட்டி ஜாஸ்தி. ஹார்ட்டிகல்ச்சர், ஃபாரஸ்ட்ரி, செரிகல்ச்சர், அக்ரி இன்ஜினியரிங் இதெல்லாம் அதே கவுன்சிலிங்ல வரும். தோட்டக்கலை முடிச்சா டிஎன்பிஎஸ்சியில தோட்டக்கலை அலுவலர் தேர்வு எழுதலாம். பேங்க் வேலைக்கான ஐபிபிஎஸ் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கு அக்ரி மட்டும் இல்லாம தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் எல்லாமே தகுதி. நம்ம ஊர்லயே ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அதுக்கு நீட் கிடையாது, ஆனா கட்-ஆஃப் எகிறும். தூத்துக்குடியில 1977ல தொடங்கின மீன்வளக் கல்லூரி இருக்கு. விவசாயம்னா நெல்லும் வாழையும் மட்டும்தான்னு அடம் பிடிக்காதவங்களுக்கு வழி இருக்கு.

அடுத்தது அகில இந்திய ஒதுக்கீடு. மத்த மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள்லயும் ஐசிஏஆர் வழியா ஒரு பங்கு இடம் நிரப்புறாங்க, அதுக்கு இப்போ கியூட் தேர்வு எழுதணும். நெல்லையில இருந்து கோயம்புத்தூர் போறதை விட திருவனந்தபுரம் பக்கத்துல இருக்குற வெள்ளாயணி வேளாண் கல்லூரி கிட்டக்க. நம்ம பிள்ளைங்க இதை யோசிக்கிறதே இல்ல. கியூட்டுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும், பிளஸ் டூ ரிசல்ட் வந்தப்புறம் யோசிச்சா லேட்.

இன்னொரு படி, ரெண்டு வருஷ டிப்ளமோ. இதைக் கேவலமா பாக்குறதுதான் எனக்குக் கோபம். டிஎன்பிஎஸ்சியோட உதவி வேளாண்மை அலுவலர் வேலைக்கு அந்த டிப்ளமோதான் தகுதி. உரக்கடை, பூச்சிமருந்துக் கடை லைசென்ஸுக்கும் உதவும். பாதி வருஷம், பாதிக்கும் குறைவான செலவு.

இத்தனைக்கும் அப்புறம் தனியார்தான்னா, தாராளமா போங்க. தனியார்னா மோசம்னு நான் சொல்லல, நல்லா நடத்துறவங்களும் இருக்காங்க. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஐசிஏஆர் அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கா, எந்தத் தேதி வரை செல்லும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க. யுஜிசி அங்கீகாரம் வேற, இது வேற. நாளைக்கு எம்எஸ்சி போகும்போதும் சில வேலைகளுக்கும் இதைக் கேப்பாங்க. ரெண்டாவது, சொல்லாம கொள்ளாம ஒரு வேலை நாள் காலையில ஏழு மணிக்குக் காலேஜுக்குப் போங்க. பசங்க வயல்ல இருக்காங்களான்னு பாருங்க. அக்ரி படிப்புல பயிர் உற்பத்திச் செய்முறைன்னு ஒரு பாடம் உண்டு, மாணவர்களே பாத்தி பிரிச்சு, விதைச்சு, களை எடுத்து, அறுத்துக் கணக்கு எழுதணும். கடைசி வருஷம் கிராமத்துல தங்கி விவசாயிகளோட வேலை பாக்கணும். இதுக்கெல்லாம் நிலம் வேணும், தண்ணி வேணும், வாத்தியார் வேணும். ஏசி கிளாஸ் ரூமும் ட்ரோன் படம் போட்ட ஃப்ளெக்ஸும் பார்த்துட்டு வந்துராதீங்க. "பண்ணை எங்க இருக்கு?"ன்னு கேட்டா "அது வேற கேம்பஸ் சார்"னு சொன்னா, டீ குடிச்சிட்டுக் கிளம்பிருங்க.

இவ்வளவும் தங்கச்சிக்கு. இப்போ உங்களுக்கு ஒரு வார்த்தை.

நம்மள்ல பாதிப் பேருக்கு ரகசியமா ஒரு ஆசை இருக்கு. நாற்பது வயசுல வேலையை விட்டுட்டு ஊர்ல போய் விவசாயம். அதுக்கு "அஞ்சல் வழியில பிஎஸ்சி அக்ரி" கிடைக்குமான்னு தேடுறாங்க. தேடாதீங்க. வேளாண்மை, தோட்டக்கலை பட்டங்களைத் தொலைநிலையிலோ ஆன்லைன்லயோ நடத்த யுஜிசி விதிகள் அனுமதிக்கல. அப்படி யாராவது வித்தா அது வெறும் காகிதம். உங்களுக்குத் தேவை டிகிரி இல்ல. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தொலைநிலைச் சான்றிதழ் படிப்புகள் இருக்கு, மாசத்துல ஒருநாள் போற மாதிரி. உங்க மாவட்டத்து வேளாண் அறிவியல் மையத்துல குறுகிய காலப் பயிற்சி இருக்கு. தூத்துக்குடி மாவட்டத்துக்கு அது வாகைக்குளத்துல இருக்கு. அதுக்கு மேல, அப்பாவோட ஒரு பிசானம் முழுசா கூட நில்லுங்க. நாத்து பாவுறதுல இருந்து நெல்லு மூட்டை ஏறுற வரைக்கும் ஒவ்வொரு ரூபாயும் எழுதுங்க. எக்செல் ஷீட் போடத் தெரிஞ்ச நமக்கு அந்த ஒரு நோட்டு பத்து கோர்ஸுக்குச் சமம்.

டிகிரி முடிச்சவங்களுக்கு மட்டும் ஒரு கதவு கூடுதலா இருக்கு, அதையும் சொல்லிடணும். 2002ல இருந்து நடக்குற வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் திட்டம். அக்ரி மற்றும் அது சார்ந்த படிப்பு முடிச்சவங்களுக்கு, டிப்ளமோக்காரங்களுக்கும் சேர்த்து, 45 நாள் இலவசப் பயிற்சி. தனி ஆளுக்கு 20 லட்சம் வரையிலான தொழில் திட்டத்துக்குக் கடன், அதுல 36 சதவீத மானியம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 44 சதவீதம். மண் பரிசோதனை, நாற்றுப் பண்ணை, இயந்திர வாடகை மையம், இப்படி. ஆனா யோசிச்சுப் பாருங்க: ஏற்கெனவே 10 லட்சம் கல்விக் கடனோட நிக்கிற 22 வயசுப் பொண்ணுக்கு எந்த பேங்க் மேனேஜர் இந்தக் கடனை மனசார குடுப்பார்? படிப்பை மலிவா முடிச்சவங்களுக்குத்தான் இந்தக் கதவு நிஜமா திறக்கும்.

தம்பி வீட்ல என்னாச்சுன்னு சொல்லணும்ல.

50,000 கட்டல. அப்பாவுக்கு என் மேல ரெண்டு வாரம் கோபம். "சென்னையில உக்காந்துகிட்டு எம் புள்ள படிப்பைக் கெடுக்கான்"னு சொன்னாராம். கவுன்சிலிங்ல முதல் சுத்துல எதுவும் வரல. அந்த நாலஞ்சு நாள் எனக்கே கொஞ்சம் உதறல்தான், ஒத்துக்குறேன். அடுத்த சுத்துல தோட்டக்கலை கிடைச்சுது, பெரியகுளத்துல. அந்தப் பொண்ணுக்கு அக்ரி கிடைக்கலன்னு முதல்ல வருத்தம். அப்புறம் களக்காட்டு ஏத்தன் வாழையைப் பத்தித்தான் கடைசி வருஷப் புராஜெக்ட் பண்ணுவேன்னு முதல் செமஸ்டர்லயே சொல்லிட்டு இருக்கா.

தம்பி மாசம் 7,000 தனி அக்கவுண்ட்ல போடுறான், காலேஜ் செலவு மொத்தமும் அதுக்குள்ள அடங்குது. கடன் இல்ல. புதுமைப் பெண் 1,000 ரூபாய் அவ கைச்செலவுக்கு. வயல் அப்பாகிட்டயே இருக்கு. கன்னடியன்ல தண்ணி வந்ததும் பிசானத்துக்கு அம்பை 16 நட்டார். லீவுக்கு வந்த மக வரப்புல நின்னு, யூரியாவை ஒரே தடவையா கொட்டாதீங்க, மூணு தடவையா பிரிச்சுப் போடுங்கன்னு சொன்னாளாம். "முப்பது வருஷமா நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நினைக்கா இவ?"ன்னு அவர் தம்பிகிட்ட போன்ல புலம்பியிருக்கார். ஆனா அந்தத் தடவை பிரிச்சுத்தான் போட்டாராம்.